எந்தச் செடி, எந்த ஏடு: திருகோணமலையில் ஒரு சித்த மருத்துவ ஆய்வும் நூலகத்தில் அதற்கு உதவிய ஆட்களும்

நூலகத்துக்குத் துறை தெரிந்த ஆள் எதற்கு, புத்தகத்துக்கு முத்திரை குத்தி இலக்கம் ஒட்டித் தட்டில் வைக்க யாராலும் முடியும்தானே என்ற கேள்வியைத் திருகோணமலையில் அடிக்கடி கேட்கிறேன். விரிவுரையாளர்களும் இதைக் கேட்கிறார்கள், ஆளணி ஒதுக்கும் கூட்டங்களில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். வாதம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஒரேயொரு ஆய்வு மாணவியின் தேடல் எப்படித் தொடங்கி எங்கெல்லாம் முட்டி நின்றது, யார் யார் கைகொடுத்தார்கள் என்று முழுதாக எழுதிவைக்கிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். நூலகத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டாம், சின்ன ஊர். நான் அங்கே ஊழியன் இல்லை. எண்ணிமப்படுத்தும் (டிஜிட்டலாக்கும்) வேலைக்காகப் போய்வந்ததில் பக்கத்திலிருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

இலங்கையில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க யாழ்ப்பாணம் போக வேண்டும், இல்லாவிட்டால் திருகோணமலைக்கு வர வேண்டும். ஆகவே இந்தத் துறையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இங்குள்ள நூலகங்கள்தான் முதல் வாசல். மாவட்டத்தின் ஊர்களில் பரம்பரைப் பரிசாரிமார் (நாட்டு வைத்தியர்) குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, சில வீடுகளில் ஓலைக்கட்டுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் பரணில் கிடக்கின்றன. ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் கையில் இருக்கிற எதுவுமே ஒழுங்காகப் பட்டியலில் ஏறியிராது.

மாணவி எடுத்த தலைப்பு எளிமையானதுதான். செங்கமாரிக்கு, அதாவது மஞ்சட்காமாலைக்கு, கீழ்க்காய்நெல்லி கொடுப்பதைப் பற்றித் தமிழ் மருத்துவ நூல்கள் என்ன சொல்கின்றன, நவீன ஆய்வுகள் என்ன சொல்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கூகுள் ஸ்கொலரில் 'பிலாந்தஸ் நிரூரி' என்று ஆங்கிலத்தில் அடித்து, வந்ததில் நல்லதாகத் தெரிந்தவற்றைத் தரவிறக்கி, மேற்பார்வையாளரிடம் காட்டிச் சம்மதமும் வாங்கிவிட்டார். நூலகத்துக்கு வந்தது பணம் கட்டாமல் படிக்க முடியாத சில கட்டுரைகளை எடுத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான்.

அங்கே இருந்த உதவி நூலகர் உயிரியல் பட்டதாரி, பிறகு நூலகவியலில் முதுநிலை முடித்தவர், சித்த மருத்துவத் தொகுப்போடு பல வருடம் கிடந்தவர். பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, இது எந்தச் செடி?" கீழ்க்காய்நெல்லிதான் மிஸ் என்றார் மாணவி. "அது சரி, எந்தச் செடி?"

கேள்வி விளையாட்டுக்கு இல்லை. பழைய நூல்கள் பலவற்றில் கீழ்க்காய்நெல்லி என்றால் பிலாந்தஸ் நிரூரி என்றே இருக்கும். ஆனால் அந்தத் தாவரவியல் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கிரேடி வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர் 1950களில் இந்தப் பேரினத்தை அலசி எழுதிய பிறகுதான் குழப்பம் ஓரளவு தெளிந்தது. நம் பக்கத்து வளவுகளில் மழைக்குப் பிறகு முளைப்பது பெரும்பாலும் பிலாந்தஸ் அமாரஸ், அல்லது பிலாந்தஸ் டெபிலிஸ். சிங்கள மருத்துவர்கள் பிட்டவக்கா என்று சொல்வது டெபிலிஸைத்தான். பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆய்வுத் தரவுத்தளத்துக்கு அந்த உறவு தெரியாது, நீங்கள் அடித்த பெயர் எதுவோ அதைத்தான் அது கொண்டுவரும்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டால், அதற்கு நல்ல சான்று அந்த மாணவியின் தலைப்புக்குள்ளேயே இருந்தது. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பேர்க் இந்தச் செடியில் ஆர்வம் காட்டியவர். அவரும் கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்ட ஆய்வகக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. அடுத்த வருடமே சென்னையில் தியாகராஜன் குழுவோடு சேர்ந்து லான்செற் மருத்துவ இதழில் வெளியிட்ட நோயாளர் ஆய்வில் பெயர் அமாரஸ். அந்த 1988 கட்டுரைதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது: செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 வீதத்தினருக்கு, இரத்தத்தில் வைரசின் மேற்பரப்பு அடையாளம் மறைந்தது, ஒப்பீட்டுக்காக மருந்துச்சத்து இல்லாத வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நிரூரி என்ற பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவருக்கு இந்தக் கட்டுரை தட்டுப்படாமலே போகலாம், மாணவியின் பட்டியலில் அது இல்லை. அதற்குப் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பெறுபேறு அப்படியே திரும்ப வரவில்லை என்பதும், பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2011இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் இந்தச் செடியினத்துக்கு நம்பத்தகுந்த பலன் காட்டப்படவில்லை என்று சொன்னதும் பட்டியலில் இல்லை. நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தைப் பற்றி எழுதும் ஆய்வேட்டில் இவை இல்லாமற் போவதை எழுத்துப்பிழையோடு சேர்த்து மன்னித்துவிட முடியாது.

சரி, பேரினப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் எல்லாம் வந்துவிடாதா? வரும், கூடவே நெல்லிக்காயும் வரும். பெருநெல்லியும் அதே பேரினம், அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எந்தப் பழைய பெயர்களை அடைப்புக்குள் கோர்ப்பது என்று ஒரு தேடற் சூத்திரம் எழுத வேண்டும். இதைத்தான் உதவி நூலகர் மாணவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பல அமர்வுகளில் செய்தார். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் திகதியில், எந்தச் சூத்திரம், எத்தனை பதிவு என்று எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதவும் வைத்தார். மீளாய்வுக் கட்டுரைகளில் தேடலை எப்படி அறிக்கையிடுவது என்பதற்கு 2021இல் பிரிஸ்மா-எஸ் என்ற 16 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் வெளிவந்திருக்கிறது, அதை அச்சடித்து மேசையில் ஒட்டி வைத்திருந்தார். மாணவிக்கு முதலில் எரிச்சல். பாதி முடிந்த வேலையை மறுபடி தொடங்க யாருக்குத்தான் பிடிக்கும்.

மேற்பார்வையாளருக்கு இன்னும் எரிச்சல். தலைப்பு, முறையியல் எல்லாம் துறையின் பொறுப்பு, இதில் நூலகம் ஏன் மூக்கை நுழைக்கிறது என்று கேட்டார். அந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் முறையியல் அத்தியாயத்தில் 'இலக்கியத் தேடல்' என்று ஒரு பகுதி வரும்போது அதை உண்மையில் செய்து முடித்தவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறதே. கடைசியில் உதவி நூலகரின் பெயர் நன்றியுரையில் வந்தது, போட்டோக்கொப்பி கடைக்காரருக்கு ஒரு வரி மேலே.

சொந்தப் பட்டியலில் கிடைக்காத சொந்தப் புத்தகம்

ஆங்கிலப் பக்கம் இப்படி ஒழுங்குக்கு வந்ததும் தமிழ்ப் பக்கம் திரும்பினார்கள். அங்கே சிக்கல் நூலகத்துக்கு உள்ளேயே இருந்தது. தட்டில் கண்ணால் பார்க்கிற புத்தகத்தைக் கணினிப் பட்டியலில் தேடினால் இல்லை என்கிறது.

காரணங்கள் இரண்டு. இலங்கையில் நீண்ட காலம் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளின் குறிகள். பழைய பதிவுகளை அப்படியே கோஹா என்ற நூலக மென்பொருளுக்குள் ஏற்றியிருந்தார்கள். கோஹாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் வெளிவந்த இலவச மென்பொருள், ஒருங்குறித் (யுனிகோட்) தமிழை நன்றாகவே கையாளும். ஆனால் ஏற்றியது பாமினியாக இருந்தால் அது என்ன செய்யும். எழுத்துரு மாற்றும் கருவி இருக்கிறது, ஒரு சொடுக்கில் மாற்றிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஒரே புலத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும்போது ஒரு சொடுக்கு வேலைக்கு ஆகாது. இரண்டும் ஒரே குறிகளில் இருப்பதால் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து மாறி, எந்த மொழியிலும் இல்லாத ஒன்றாகிவிடும். கணினிப் பகுதியைப் பார்த்துக்கொண்ட தம்பி முழுக்கத் தமிழாக இருந்த பதிவுகளை முதலில் பிரித்து மொத்தமாக மாற்றினார், கலந்தவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தார்.

இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கம். ஔடதம் என்று தலைப்பில் வரும் சில நூல்கள் ஒருங்குறிக்கு மாறிய பிறகும் தேடலில் வரவில்லை. எப்போதோ தட்டச்சு செய்த ஒருவர் ஔ என்ற ஒரே எழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தார். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒளவையாரைத் தேடி ஏமாந்தவர்களுக்கு இது புரியும். இதைக் கண்டுபிடித்தது கணினித் தம்பி இல்லை. மருந்து நூல் தலைப்புகளில் ஔடதம் என்ற சொல் அடிக்கடி வர வேண்டுமே, ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று சந்தேகப்பட்டது உதவி நூலகர்தான். தொகுப்பில் என்ன இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் இல்லாதது கண்ணில் படும். அதை எல்லாப் பதிவுகளிலும் தேடிப்பிடித்துத் திருத்த நிரல் எழுதியது தம்பி. ஒருவர் இல்லாமல் மற்றவரால் இதைச் செய்திருக்க முடியாது.

பகுப்பிலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டூயி தசமப் பகுப்பில் 615.5 பக்கம் போனால் உலகத்து மாற்று மருத்துவமெல்லாம் ஒரு மூலையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும். நாடி, குணபாடம் (மருந்துப் பொருள்களின் குணம்), விஷ வைத்தியம், கண் மருத்துவம் என்று தனித்தனித் துறைகளாக வளர்ந்த ஒன்றை அந்த மூலைக்குள் திணித்தால் தட்டின் முன் நின்று தேடுகிறவருக்கு ஒன்றும் விளங்காது. உதவி நூலகர் இலக்கத்தை மாற்றவில்லை, அது பெரிய வேலை, பிற நூலகங்களோடும் ஒத்துப்போகாது. பொருட்தலைப்புகளைத் தமிழில் விரிவாகச் சேர்த்தார். கீழாநெல்லி என்று இந்தியப் பதிப்புகளில் இருப்பதையும் கீழ்க்காய்நெல்லி என்று நம்மவர் எழுதியதையும் ஒரே தலைப்பின் கீழ் இணைத்துவிட்டார். இனி எந்தப் பெயரில் தேடினாலும் இரண்டும் வரும்.

தம்பலகாமத்து ஓலைக்கட்டு

இந்த வேலை நடப்பது காதோடு காதாகப் பரவி, தம்பலகாமத்துப் பக்கப் பரிசாரி குடும்பம் ஒன்று ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. கறையான் அரித்த ஓரங்கள், பூஞ்சணம், சில ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. துடைத்துக் கொடுக்கிறேன் என்று ஈரத்துணியோடு வந்த ஒருவரைத் தடுக்க வேண்டியிருந்தது. ஓலைப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர் திருகோணமலையில் கிடைக்கவில்லை, வெளியூரில் இருந்த ஒருவர் வீடியோ அழைப்பில் வழிகாட்டினார். முதலில் மென்மையான தூரிகையால் உலர்வாகத் தூசு தட்டுவது, ஒட்டியதை இழுக்காமல் விடுவது, எண்ணெய் பூசுவதைப் பிறகு யோசிப்பது. படம் எடுக்கும்போது மேலிருந்து வெளிச்சம் அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மை தேய்ந்துபோன கீறல்களும் தெரியும் என்றார். அப்படியே எடுத்தோம், தெரிந்தது.

படம் எடுப்பது ஒன்று, படிப்பது வேறொன்று. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற பேதமும் இல்லை. ஆகவே கொம்பு, பகரம், கால் என்று மூன்று குறி வரிசையாக நின்றால் அது பொ, போ, பெர, பேர என்று எதுவாகவும் இருக்கலாம். பாட்டின் ஓசையும் பொருளும் தெரிந்தவர்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அதோடு கழஞ்சு, பலம், வராகனெடை என்று நிறைகள், தமிழ் இலக்கங்கள், வேண்டுமென்றே மறைபொருளாக எழுதிய பரிபாஷைப் பெயர்கள். தமிழ் படித்த இன்னொரு மாணவி வரிகளை வாசித்தார், மருந்து புரியவில்லை. மருந்து தெரிந்த சித்த மருத்துவருக்குச் சில எழுத்துகள் பிடிபடவில்லை. ஓய்வு பெற்ற ஒரு முதிய வைத்தியர் மாலையில் வந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூவரும் சேர்ந்து படிக்க, உதவி நூலகர் ஒவ்வொரு ஐயத்தையும் தனியாகக் குறித்தார்: இந்த வரியில் இந்தச் சொல் இரண்டு விதமாகப் படிக்கலாம், இன்னார் இப்படிப் படித்தார். ஐயமான இடங்களை நேராக்கிச் சுத்தமாகப் பெயர்த்தெழுதியிருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும். பின்னால் வரும் ஆய்வாளருக்கு அது பெரிய பொய்.

இதற்கிடையில் குடும்பத்துப் பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். "படம் எடுங்கோ பிள்ளை, அதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. மருந்து முறையை இன்ரநெற்றில போட்டுடாதைங்கோ." அவருடைய பயம் வீண்பயம் இல்லை. மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்து, இந்தியா எதிர்த்ததால் 1997இல் அதை இரத்துச் செய்ததும், அந்த மாதிரி வழக்குகளுக்குப் பிறகே இந்தியா 2001இல் பாரம்பரிய அறிவு எண்ணிம நூலகத்தைத் தொடங்கியதும் பலர் அறிந்த கதை. எல்லாவற்றையும் திறந்து வைப்பதுதான் நூலகத்தின் தர்மம் என்று நினைக்கும் கட்சியில் நானும் இருக்கிறேன், ஆனால் இங்கே பெரியவர் சொன்னதுதான் சரி. உதவி நூலகர் ஒரு நடுவழி எடுத்தார். இப்படி ஒரு கட்டு இருக்கிறது, இத்தனை ஓலை, இன்ன பொருள், இன்ன நிலையில் என்ற விவரணம் எல்லோருக்கும் தெரியும். படங்கள் நூலகத்துக்குள் வந்து பார்ப்பவருக்கு மட்டும். பெயர்த்தெழுதிய மருந்து முறை குடும்பத்தின் சம்மதக் கடிதம் இருந்தால் மட்டும். எண்ணிமக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள், அதில் கோப்புக்குக் கோப்பு அனுமதியைப் பிரித்து வைக்கலாம் என்பது வசதி. மென்பொருள் கதவு போட்டுத் தரும். யாருக்குத் திறப்பது என்று பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

யாரை எடுப்பது

இனி நான் சொல்ல வந்த விஷயம். துறை தெரிந்தவரை நூலகத்துக்குக் கொண்டுவருவதா, நூலகம் தெரிந்தவருக்குத் துறையைப் பழக்குவதா என்ற சண்டை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் நூலக, தகவல் வள மன்றம் 2004இல் ஒரு திட்டம் தொடங்கி, நூலகவியல் படிக்காத கலாநிதிகளை ஆய்வு நூலகங்களுக்குள் கொண்டுவந்தது. நூலகர்கள் பலர் கொதித்தார்கள். 2006இல் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ஜேம்ஸ் நீல், இப்படி வேறு துறைகளிலிருந்து வருபவர்களை ஓநாய் வளர்த்த பிள்ளைகள் என்று உவமித்து எழுதி, அவர்களை எப்படி நூலகப் பண்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்வது என்று கேட்டார். நமக்கு இது புதிதும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அவரைத் துணிந்து நியமித்தார்கள். நியமித்தபின் இலண்டனுக்கு அனுப்பி நூலகவியல் படிக்க வைத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். துறை அறிவு அவரிடம் முன்பே இருந்தது, அதற்கு மேல் பயிற்சியும் கொடுத்தார்கள், பின்னர் பல வருடம் அதே நாற்காலியில் இருக்கவும் விட்டார்கள்.

திருகோணமலை மாதிரி இடத்தில் எனக்குத் தேர்வு தெளிவு: நூலகப் பயிற்சி உள்ளவரை எடுத்து ஒரே தொகுப்போடு நீண்ட காலம் விடுங்கள். சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து ஓலை படிக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது, கேட்டதை எங்கே எப்படிப் பதிவது, எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை. எதிர்வாதம் ஒன்று உண்டு. சின்ன நூலகத்தில் ஒருவரை ஒரே தொகுப்பில் இருத்தினால் அவர் விடுமுறையில் போகும்போது எல்லாம் நின்றுவிடும், பதவி உயர்வுக்கும் பல பகுதிகளில் வேலை செய்த அனுபவம் வேண்டும். உண்மைதான். அதற்கு மருந்து, அவர் செய்வதை எழுதிவைக்கவும் இன்னொருவரைப் பக்கத்தில் இருத்திப் பழக்கவும் நேரம் ஒதுக்குவது. ஆளைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவதால் எதுவும் தீராது.

நடந்தது என்னவோ பிடுங்கி நட்டதுதான். சேவைத் தேவை கருதி என்ற வழக்கமான வரியோடு உதவி நூலகர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். மாணவியின் ஆய்வேடு அதற்குள் முடிந்துவிட்டது, தேடல் முறையைப் புறப் பரீட்சகர் தனியாகப் பாராட்டினார் என்று கேள்வி. உதவி நூலகருடைய இடத்துக்கு இரவல் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார், கெட்டிக்காரர், ஆனால் ஓலை பார்த்ததில்லை. நல்லவேளையாகத் தேடற் பதிவேடு, சம்மதக் கடிதங்கள், எந்தக் கையெழுத்தை யார் படிப்பார் என்ற குறிப்பு, ஔடதம் பிரச்சினைக்கான நிரல் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. அவர் அதை வைத்துக்கொண்டு பட்டியல் வேலையைத் தொடர்ந்துவிட்டார்.

தொடர முடியாமல் நின்றது ஒன்றுதான். தம்பலகாமத்துக் குடும்பத்திடம் இரண்டாவது கட்டு ஒன்று இருந்தது, தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். புதியவர் தொலைபேசியில் கேட்டபோது பெரியவர் திருப்பிக் கேட்டது, "அந்த மிஸ் அங்க இருக்கிறாவா?" இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். கோப்பில் இருந்த கடிதத்தைக் காட்டிப் பயனில்லை, அவர் நம்பியது கடிதத்தை இல்லை. போன மாதம் பழைய உதவி நூலகர் தன்னுடைய லீவு நாளில் புதியவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போய், அதே நிபந்தனைகளை இவரும் காப்பாற்றுவார் என்று முன்னால் இருந்து சொல்லிவிட்டு வந்தார். பயணச் செலவை எந்தத் தலைப்பில் கேட்பது என்று தெரியாமல் இருவரும் தங்கள் பணத்திலேயே போய்வந்திருக்கிறார்கள். வயல் வேலை முடியட்டும், அதற்குப் பிறகு கட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.